காயாத தரை

கோணிச் சாக்கின் மேல் நான்கு நாய்க்குட்டிகள் கிடந்தன. நான்கின் தலையும் ஒரே பக்கமாக இருக்கும்படி யாரோ வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். பிறந்து மூன்று வாரம் தாண்டிய வெள்ளைக் குட்டிகள். வாலடியில் மட்டும் தார் தொட்டதுபோல் கறுப்பாக ஒட்டியிருந்தது.

மார்கழிக் காலை. வைக்கோல் போரின் மேல் பனி இன்னும் விலகவில்லை. கொல்லை முழுக்கப் பச்சைச் சாணி வாசம். அதோடு போலீஸ் ஜீப்பின் பெட்ரோல் வாசமும் சேர்ந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் ஒரு காலை வைத்து நின்றார். அவருக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக அந்த வீட்டு நாய்களுக்குச் சோறு வடித்து, கொட்டிலைக் கூட்டிப் பெருக்கி வந்தவள். அவள் புடவைத் தலைப்பில் சாணி காய்ந்து வெளுத்திருந்தது.

"வயலுக்கு அடிக்கிற எண்ட்ரின இங்க வச்சது யாருடி? நீயா, ஒன் தம்பியா?" என்றார் மிராசுதார்.

"நா ஒண்ணும் வைக்கலீங்கய்யா."

"பாத்தீங்களா சார்? 'ஆண்டே' போயி 'அய்யா' ஆயிருச்சு. சங்கம் கத்துக்குடுத்தது. இன்னும் என்னென்ன கத்துக்குடுத்துச்சோ!"

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "வாங்க கம்பவுண்டரே. சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. விஷம்னு ஒரே ஒரு வார்த்தை. போதும்."

என் தோல்பைக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

தேதி கேட்டவருக்கு

வலங்கைமானிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதைக்கூட எழுதுகிற நீங்கள், மிராசுதார் வீட்டு நாய்களைப் பற்றிப் போன வாரம் தொடங்கியபோது மட்டும் தேதியைச் சொல்லாமல் நழுவியது ஏன்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. தேதி இல்லாத சம்பவம் வதந்திக்குச் சமம் என்று இதே தொடரில் எழுதியவன் நான்தான். நழுவவில்லை. காரணம் உண்டு, இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது தெரியும்.

இப்போதைக்கு இவ்வளவு சொல்லலாம். ஆட்சி மாறி, அதன்பின் மாநிலத்தின் பெயரும் மாறியிருந்தது. எங்கள் கால்நடை மருந்தகத்தின் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது. புதியது வரும்வரை அதன் மேல்வரியை பிளேடால் செதுக்கிவிட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். கிழக்கே ஒரு கிராமத்தில், அதுவும் ஒரு மார்கழியில், கூலிக்காரர் குடிசையில் மூட்டப்பட்ட தீயின் பேச்சு ஊருக்கு ஊர் அடங்காமல் இருந்தது. யார் வீட்டுக் கொல்லையில் யார் நின்றாலும் அந்தத் தீயும் கூடவே நின்றது.

ஜனங்கள் எங்கள் இடத்தை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். டாக்டர் கும்பகோணத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டராகிய நானே ஆஸ்பத்திரி. சட்டப்படி மருந்து கலக்கலாம், கட்டுப் போடலாம், டாக்டர் சொன்னதைக் கொடுக்கலாம். இறப்புக்குக் காரணம் எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது.

ஒன்பது நாய்கள்

மிராசுதார் சாம்பசிவத்தின் கொட்டிலில் ஒன்பது நாய்கள். நாலு ராஜபாளையம், மூன்று கோம்பை, இரண்டு எந்த ஊர் என்று அவற்றுக்கே தெரியாது. தாய் நாய் வெள்ளச்சி, ராஜபாளையம். அவர் கட்டிலுக்கு அருகில் வரும் உரிமை அதற்கு மட்டும் உண்டு.

மிராசு என்ற சொல் அரபியில் வாரிசுச் சொத்தைக் குறிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். சாம்பசிவத்துக்கு வாரிசு இல்லை. பட்டா, சிட்டா, பினாமி என்று மற்ற பழைய சொற்களெல்லாம் அந்த வருஷம் உச்சவரம்புச் சட்டத்தால் உயிர் பெற்று ஊருக்குள் நடமாடின. நிலத்தை யார் யார் பெயரிலோ அவர் எழுதி வைத்துவிட்டதாகப் பேச்சு. "வெள்ளச்சி பேர்லகூட ரெண்டு மா நெலம் இருக்காம்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

நாய்கள் அழகுக்காக வளர்க்கப்படவில்லை. களத்தையும் நெல் பத்தாயத்தையும் காவல் காக்க வந்தவை. கூலி நெல் உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலை நிறுத்தப் பேச்சு பேசியதிலிருந்து, அவை பகலிலும் சில நேரம் அவிழ்த்துவிடப்பட்டன. அப்படி ஒரு பகலில், சங்கத்தின் ஊர்ச் செயலாளர் தங்கராசுவின் கெண்டைக்காலைக் கோம்பை ஒன்று கவ்வியது. அவன் அதன்பிறகு கொஞ்சம் சாய்ந்து நடந்தான்.

தங்கராசு அஞ்சலையின் தம்பி.

அக்காள் நாய்களுக்குச் சோறு வைக்கிறாள், தம்பி அந்த நாயிடம் கடிபட்டிருக்கிறான். சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. தை பிறந்ததும் அறுப்பு. வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாக மிராசுதாரும், இறக்கினால் வரப்பில் படுப்போம் என்று சங்கமும் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் குட்டிகள் சாகின்றன.

விஷம் என்று ஒரு வார்த்தை எழுதினால் அக்காளும் தம்பியும் அன்றைக்கே ஜீப்பில் ஏறுவார்கள். அறுப்புக்கு முன் சங்கத்தின் தலை போகும். அவர்கள் தெருவுக்குள் போலீஸ் நுழையும். அதற்குமேல் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்க அந்த வருஷம் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு தாள்

என் வேலை முறையைச் சொன்னால்தான் மீதி புரியும்.

கால்நடை அதிகம் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுநீளத் தாள் வைத்திருந்தேன். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் கிழித்திருப்பேன். முதல் கட்டம் தேதி. இரண்டாவது, பார்த்தது. மூன்றாவது, செய்தது. நான்காவது, வீட்டார் சொன்னது. நான்காவது கட்டத்தைப் பார்த்து டாக்டர் கேலி செய்வார். "மாடு சொன்னதையும் எழுதிக்கய்யா" என்பார்.

மிராசுதார் வீட்டுத் தாளைத் தொடங்கியது ஆடியில். அப்போது கொட்டிலில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும். அதிலும் தெள்ளு மகா மோசம். கொட்டிலின் மண் தரையில் விரல் நுழையும் அளவு வெடிப்புகள். பகலெல்லாம் அந்த வெடிப்புகளில் குடியிருந்துவிட்டு நாய் படுத்ததும் ஏறிக்கொள்ளும். நாய்களுக்குப் பொடி போட்டேன். பத்து நாளில் மறுபடி அதே அரிப்பு. வெள்ளச்சி இடுப்பைக் கடித்துக் கடித்து ரோமம் உதிர்ந்து, தோல் தெரிந்தது.

அதனால் அஞ்சலையிடம் சொன்னேன்: "வெடிப்புல களிமண்ண வச்சு அடைச்சுடு. அதுக்கு மேல சாணி போட்டு நல்லா மெழுகு. வாரத்துக்கு ஒரு தடவ."

வீடுகளில் செய்வதுதானே? சாணி மெழுகிய தரை சுத்தமான தரை என்று எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அவள் கை சுத்தம். மூன்று வாரத்தில் தெள்ளு போயிற்று. கொட்டில் வாசலில் அவள் ஒரு கோலம்கூடப் போட்டிருந்தாள். மிராசுதாரின் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாராம். நான் நின்று பார்த்துவிட்டு, "எங்க ஆஸ்பத்திரி தரைகூட இப்படி இல்லீங்க" என்று மிராசுதாரிடம் சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையின் பிற்பாதியில் வெள்ளச்சி ஆறு குட்டி போட்டது. குட்டி இருக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. மார்கழி பிறந்ததும் வாசலோடு சேர்த்துக் கொட்டிலையும் தினமும் மெழுகச் சொல்லிவிட்டார்கள். தென்னங்கீற்று வேய்ந்த தாழ்ந்த கூரை. வெயில் ஒரு முழம்கூட உள்ளே வராது.

குட்டிகளுக்குப் புழு மருந்து கொடுத்தேன். எங்கள் அலமாரியில் இருந்தது இனிப்பான ஒரு திரவம். உருண்டைப் புழுவை அடித்துத் தள்ளும். கொக்கிப்புழுவோ அதைப் பாயசம் மாதிரி குடித்துவிட்டு அங்கேயே இருக்கும். அதற்கு வேறு மருந்து. அது தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும். கேட்டு எழுதலாம் என்றிருந்தேன். எழுதவில்லை.

"எழுதுங்க கம்பவுண்டரே"

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

"டாக்டர் வந்துதாங்க எழுத முடியும்" என்றேன்.

"டாக்டர் நாளன்னைக்குத்தான் வருவாரு. இவங்க அதுவரைக்கும் ஊர்ல இருப்பாங்களா?" என்றார் மிராசுதார். "எண்ட்ரின் டின்னு மாட்டுக்கொட்டாய்ல மூடி இல்லாம கெடக்குது. காலைல நானே பாத்தேன்."

சப்-இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கினார். இளவயசு. "மேலேருந்து ரெண்டு போன் வந்துருச்சு எனக்கு. நீங்க ஏதாச்சும் எழுதித் தந்தா நான் நடவடிக்கை எடுக்கலாம். எழுதலேன்னாலும் ஐயா புகார் குடுப்பாரு. எப்படியும் கூட்டிட்டுத்தான் போகணும்."

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. சாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்தேன். மிச்சம் இரண்டு குட்டிகள் வெள்ளச்சியின் மடியில் ஒட்டிக் கிடந்தன, பால் குடிக்கத் தெம்பில்லாமல். ஒன்றைத் தூக்கி உதட்டைப் பிரித்தேன். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெளியே கொண்டுவந்து சப்-இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன்.

"எண்ட்ரின் சாப்பிட்ட நாய் வெட்டி வெட்டி இழுக்கும் சார், நுரை தள்ளும். ஈறு இப்படி வெளுக்காது. இது நாள் கணக்குல ரத்தம் போன குட்டி."

"ரத்தம் எங்க போச்சு? கீழ ஒண்ணும் காணோமே."

"வயித்துக்குள்ளதான் இருக்கு. அறுத்துக் காட்டவா?"

அதைச் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பிரேதப் பரிசோதனை செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. செய்தால் மெமோ. ஆனால் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

மிராசுதார் என்னையே பார்த்தார். "வெள்ளச்சி கண்ணுல படாம செய்யுங்க" என்றார். அந்த ஒரு கணத்தில் அவர் புகார்க்காரராக இல்லை.

பீங்கான் தட்டு

கிணற்றடியில் வாழை மட்டையை விரித்து, கடைசியாகச் செத்த குட்டியை வைத்தேன். சிறுகுடலை வெளியே எடுத்துக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே பாகுபோல் கறுத்த ரத்தம். வழித்து வழித்துத் தண்ணீர் ஊற்றியபின், குடல் சுவரில் நூல் துண்டுகள் தொங்குவது தெரிந்தது. அரை விரல்கூட நீளமில்லை. நுனி மட்டும் தூண்டில் முள்போல் வளைந்திருக்கும்.

வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வந்தது. அதில் தண்ணீர் விட்டு நூல்களைப் போட்டேன். ஒன்றிரண்டு இன்னும் நெளிந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இந்த நூலா நாலு குட்டியக் கொன்னுது?"

"ஒவ்வொண்ணும் ஒரு வாய் சார். இந்தக் குட்டி ஒடம்புல இருக்குற ரத்தமே ஒரு டம்ளர்தான் இருக்கும்."

மிராசுதாரும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"புழு எந்த நாய்க்குத்தான் இல்ல? புழு இருக்குற குட்டிக்கு விஷம் வச்சா, அது விஷம் இல்லேன்னு ஆயிடுமா?"

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

"கம்பவுண்டரே, நீங்க வாரா வாரம் வர்றீங்க. மருந்து குடுத்தீங்க. இதே எடத்துல நின்னு, 'எங்க ஆஸ்பத்திரி தரைகூட இப்படி இல்லீங்க'ன்னு சொன்னது நீங்கதானே? அவ்வளவு சுத்தமான எடத்துல சீக்கு எப்படிங்க வரும்? சீக்கு வர வழியில்லேன்னா வேற என்ன?"

நான் பெருமையாகச் சொன்ன ஒரு வாக்கியம் அஞ்சலையின் கழுத்தில் கயிறாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் இரண்டு வழி இருந்தது. "டாக்டர் வரட்டும்" என்று மறுபடி சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறலாம். அல்லது பையைத் திறக்கலாம். கை பையின் வார்மேல் போய் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. கிணற்றுக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

நான்காவது கட்டம்

தாளை எடுத்து விரித்தேன்.

"சார், நான் இதப் படிக்கிறேன். என் கையெழுத்துதான்."

மூன்றாவது கட்டத்தில் இருந்ததை முதலில் படித்தேன். 'வெடிப்பை அடைத்துச் சாணி போட்டு மெழுகச் சொன்னேன்.' தேதியோடு படித்தேன். பிறகு ஐப்பசியில் ஒரு நாள், நான்காவது கட்டம்:

'அஞ்சலை சொல்வது: மழைக்குத் தரை காயவே மாட்டேன் என்கிறது. மெழுகுவதை நிறுத்தலாமா? கூரையில் ஒரு பக்கம் கீற்றைப் பிரித்தால் வெயில் வரும்.' எதிரே என் குறிப்பு: 'வேண்டாம், மெழுகுவதே சுத்தம் என்றேன்.'

குட்டி போட்ட பிறகு இன்னொரு நாள்: 'அஞ்சலை சொல்வது: குட்டிகள் ஈரத்திலேயே படுக்கின்றன. மணல் போட்டு மேடாக்கட்டுமா?' எதிரே: 'வைக்கோல் போடச் சொன்னேன்.'

மார்கழியில்: 'அஞ்சலை சொல்வது: ஒரு குட்டி கறுப்பாக வெளிக்குப் போகிறது.' எதிரே: 'பால் மாற்றம். பார்த்துக்கொள்ளலாம்.'

படிக்கப் படிக்க என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அவள் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருந்தேன். எழுதியதோடு என் கடமை முடிந்ததாக நினைத்திருக்கிறேன்.

"தெள்ளுக்கு ஈரத் தரை ஆகாது சார். ஆனா கொக்கிப்புழுவுக்கு ஈரம்தான் தொட்டில். நாய் வெளிக்குப் போனதுல முட்டை இருக்கும். வெயில் பட்டா செத்துரும். ஈரமும் நிழலும் இருந்தா ஒரு வாரத்துல குஞ்சாயி, படுக்குற குட்டியோட வயித்துத் தோல் வழியாவே உள்ள போயிரும். தெள்ள வெரட்டப் போயி இத நான்தான் வளத்திருக்கேன். இந்தம்மா மூணு தடவ சொல்லியிருக்காங்க. நான்தான் கேக்கல."

தாய்ப்பாலிலும் அது குட்டிக்கு இறங்கும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவே.

மிராசுதாரின் முகம் சிவந்துவிட்டது. "பொய்! தரை காயலேன்னு யார் சொன்னது? தெனம் நான் பாக்குறேன். பளபளன்னு இருக்கு."

"பளபளன்னு இருக்குறதே ஈரந்தாங்கய்யா" என்றாள் அஞ்சலை. அன்று அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

"வாய மூடுடி!" என்று கத்திவிட்டு அவர் விறுவிறென்று கொட்டிலுக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போய் வாசலில் குனிந்து பார்த்தோம். வெள்ளச்சி பக்கத்தில், மெழுகிய தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதன் தலையை மடியில் வைத்துத் தடவினார். "இங்க பாருங்க. உக்காந்திருக்கேன்ல. எங்கய்யா ஈரம்? எங்க?" என்று உள்ளிருந்தே கேட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு தூணைப் பிடித்து எழுந்து, எங்களைத் தாண்டி வெளியே நடந்தார்.

சலவை வேட்டி. பின்பக்கம் முழுக்க, ஒரு முறத்தின் அளவுக்குப் பச்சையும் பழுப்புமாக ஈரம் ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கிணற்றடிவரை போனார். அதற்குள் ஈரம் உடம்பில் பட்டிருக்க வேண்டும். கை பின்னால் போயிற்று. தொட்டார். விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். நின்றுவிட்டார்.

அஞ்சலை தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஐயா, வேட்டிய மாத்திட்டு வாங்க. நான் கெளம்புறேன்" என்றார். என்னிடம் வந்து, "கடைசி வரியும் எழுதி, கையெழுத்துப் போடுங்க" என்றார்.

எழுதினேன். 'நான்கு குட்டிகள் இறப்பு. கொக்கிப்புழு. தரை காயாததே காரணம். மெழுகச் சொன்னது நான்.' தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் தாளை என்னிடமே நீட்டினார்.

"கேஸ் இல்லேங்கும்போது எனக்கெதுக்கு இது?"

இரண்டு மூட்டை உப்பு

மறுநாளே தஞ்சாவூருக்குப் போய்க் கொக்கிப்புழு மருந்தை வாங்கி வந்தேன். காதர் பாய் கடையில் கல்லுப்பு இரண்டு மூட்டை கேட்டேன். பாய் எடைக்கல்லைத் தட்டில் வைத்துக்கொண்டே, "என்ன கம்பவுண்டரே, நாயெல்லாத்தையும் கருவாடு போடப்போறீங்களா?" என்றார்.

மிராசுதாரின் சம்மதத்தோடு கொட்டிலின் மேல்மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்தோம். அடியில் புழுக்குஞ்சைக் கொல்ல உப்பு, மேலே செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, தண்ணீர் ஓடுவதற்கு ஒரு பக்கம் சரிவு. கூரையின் கிழக்குப் பக்கத்தில் பாதிக் கீற்றைப் பிரித்தோம். பழைய வைக்கோலைக் கொளுத்தினோம். நாய் வெளிக்குப் போனதைக் காலையும் மாலையும் அள்ளிச் சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும், எருக்குழிக்குக் கொண்டுபோகக் கூடாது. சினை நாய்க்குத் தனி இடம். ஒன்பது நாய்க்கும் ஒரே நாளில் மருந்து, ஒன்றுகூட விட்டுப்போகாமல். ஒரு நாய்க்கு விட்டால் ஒன்பதுக்கும் விட்ட கணக்குதான். மாதம் ஒரு தடவை டாக்டரின் மைக்ராஸ்கோப்பில் முட்டை தேடுவது. கூட்டமாக நாய் வளர்க்கும் யாருக்கும் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். மருந்து பாதி வேலை. மீதியைத் தரை செய்யும்.

மிஞ்சிய இரண்டு குட்டியில் ஒன்று பிழைத்தது.

அறுப்பு எட்டு நாள் தள்ளி நடந்தது, உள்ளூர் ஆட்களை வைத்தே. பேச்சுவார்த்தையில் சங்கம் கேட்டதில் பாதி கிடைத்தது. அதற்கும் நாய்களுக்கும் சம்பந்தமில்லை. நான்தான் காரணம் என்று சிலர் சொன்னதை இங்கே மறுத்துவிடுகிறேன். எனக்கு வந்தது மெமோ. அதன் பின்னால் திருக்காட்டுப்பள்ளிக்கு மாறுதல்.

வாய்க்கால் கரையில்

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தக் காலையில் ஜீப் போன பிறகு நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாக வந்தேன். மதகருகில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். கை கால் கழுவியிருந்தாள். முழங்கையில் மட்டும் சாணி விட்டுப்போயிருந்தது.

"நில்லுங்க சார்."

நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மதகுவரை யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"நா சொன்னதெல்லாம் அப்பவே எழுதி வச்சிருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"எழுதுறத விட்டுட்டுக் காதுல போட்டிருந்தா நாலு குட்டியும் பொழைச்சிருக்கும்."

"ஆமா."

வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குட்டிகளுக்கு அவள் பெயர் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அதுவும் நான்காவது கட்டத்தில் இருந்தது.

"அந்தத் தாள எங்கிட்டக் குடுத்துருங்க சார்."

"ஒனக்குப் படிக்கத் தெரியாதேம்மா."

"எனக்குத் தெரியாதுங்க. கேக்குறவனுக்குத் தெரியுமுல்ல? நாளைக்கு ஒரு மாடு செத்தா வேற எவனாச்சும் ஜீப்புல வருவான். அன்னிக்கு நீங்க இங்க இருப்பீங்களா?"

பையைத் திறந்தேன். ஆடியிலிருந்து அன்று காலைவரை அந்த வீட்டின் தேதிகள் அத்தனையும் அந்த ஒரு தாளில்தான் இருந்தன. நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. சாலையிலிருந்து தங்கராசு, "அக்கா!" என்று கூப்பிட்டான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

கொடுத்தேன்.

அவள் அதை நாலாக மடித்து, முழங்கையின் ஈரம் படாமல் சுருக்குப்பையில் செருகி, வாயை இறுக்கி இழுத்துக் கட்டினாள். பிறகு வரப்பில் இறங்கி நடந்தாள். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மருந்தகத்துக்குப் போனதும் நினைவிலிருந்து தேதிகளை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். புதுத் தாளில் நான்கு கட்டம் கிழித்தேன். முதல் கட்டம் நிரம்பவே இல்லை. நான்காவது கட்டத்தில் அவள் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் வந்தது.

வலங்கைமான் வாசகருக்கு: தேதி அஞ்சலையிடம் இருக்கிறது.